பெருநாள் டீப்பொடி

“பொடிக்கிறதுக்கு எதுக்குடி எட்டு எம்.எம். ஏலக்காயி? வெடிச்ச காயே போதும்னு…”

“எம் மகளுக்கு வெடிச்ச காயா? கடைக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் முழுக்காயி, பெத்த மகளுக்கு மட்டும்…”

“பொடிச்ச பெறகு எது முழுசு, எது வெடிச்சதுன்னு யாருக்குடி தெரியும்?”

“நாக்குக்குத் தெரியும்!”

உசேன் கம்பத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். சல்லடையில் நிற்கும் பருமனான பச்சைக் காயை மிக்ஸியில் போட்டு அரைப்பதைப் பார்க்க அவருக்கு மனசு ஆறவில்லை. அம்சத் பீவி அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. காயோடு சுக்கு, மிளகு, பட்டையைச் சேர்த்து மிக்ஸியைத் திருகினாள். வாசம் உத்தமபாளையத்தில் அவர்கள் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனது.

மகள் சமீனா டொரான்டோவில் வேலை பார்க்கிறாள். நோன்புப் பெருநாள் வந்தால் அம்மா செய்த மசாலா டீப்பொடி அவளுக்குப் போயாக வேண்டும். வெந்நீரில் கலக்கினால் டீ தயார். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்களுக்கு அதைத்தான் பெருநாள் பரிசாகக் கொடுப்பாள். வேலைக்குப் போன புதிதில் பெருநாளைக்கு அவளே வந்து பொடியைக் கையோடு கொண்டுபோனாள். இப்போதெல்லாம் பொடி மட்டும் போகிறது.

“அங்கன கெடைக்காத டீயா?” என்றார் உசேன். “போன வருசம் பார்சல் வந்துச்சான்னு நாமதான் போன் போட்டுக் கேட்டோம்.”

“‘மீட்டிங்ல இருக்கேம்மா’ன்னா. அதோட சரி.”

“பெறகு எதுக்கு இம்புட்டுப் பாடு?”

“இந்தத் தடவ நான் போன் போட மாட்டேன். டப்பாவத் தொறந்த அன்னைக்கே அவளே கூப்பிடுவா, பாருங்க.”

“வானத்துல இருந்து அல்லா அனுப்புன மலக்கு வந்து சொன்னாகளாக்கும்.”

“கூப்பிடுவாங்கிறேன்ல. நீங்க போயி டேப்பும் ஒரு அட்டப்பெட்டியும் வாங்கிட்டு வாங்க.”

அவர் வருவதற்குள் பால்பவுடரும் பொடித்த சீனியும் மசாலாவும் ஒன்றாகி, தகர டப்பாக்களில் அடைந்து, மூடிகளில் பச்சை ரிப்பனும் ஏறியிருந்தது.

“கலக்கி ருசி பாத்தியா?”

“நோன்பு வச்சிருக்கவள ருசி பாக்கச் சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“சரி, நோன்பு தொறந்த பெறகு ஒரு கிளாசு…”

“பிள்ளைக்குக் கட்டுன ரிப்பன ஒங்களுக்காக அவுக்கணுமோ? பெட்டியில வைங்க.”

கூரியர் போனது. எதற்கு இம்புட்டுப் பாடு என்று கேட்ட உசேன்தான் மணிக்கொரு தரம் போனைப் பார்த்துச் செய்தி சொன்னார்.

“பெட்டி மெட்ராச விட்டுக் கெளம்பிருச்சு.”

“சரி.”

“துபாயில நிக்குதாம்.”

“நம்ம பெட்டி பாக்காத ஊரு இல்ல போங்க.”

“போய்ச் சேந்துருச்சு! கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா.”

அம்சத் பீவி தன் போனைத் துடைத்து, நோன்புக் கஞ்சி கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவளை விட்டு நகரவில்லை. மணி அடித்தால் பாய்ந்து எடுத்தாள். ஒரு தடவை கேஸ்காரன். ஒரு தடவை, கடன் வேணுமா என்று கேட்கும் யாரோ ஒரு பெண்.

“நீயே போட்டுத்தான் பேசேன். என்னடி கெவுரவம்?”

“நான் போட்டா அது நான் கூப்பிட்டதா ஆயிரும். அவளாக் கூப்பிடணும்.”

“பிள்ளைக்கு ஆயிரம் வேல இருக்கும்.”

“ஒரு வாயி குடிச்சாப் போதுங்க. எந்த வேல கெடந்தாலும் போட்டுட்டுக் கூப்பிடுவா.”

“அப்பிடி என்னத்தடி போட்ட அதுல?”

அவள் கஞ்சியைக் கிண்டினாள்.

நோன்பு ஒவ்வொன்றாகக் கழிந்தது. பிறையும் தெரிந்தது. பெருநாள் தொழுகை முடிந்து உசேன் வீட்டுக்குள் நுழைந்தபோது பிரியாணி தம்மில் இருந்தது. போன் அடித்தது.

“சமீனாடி! கூப்பிட்டுட்டா! நீ சொன்னது பலிச்சிருச்சு!” ஸ்பீக்கரைப் போட்டார்.

“அம்மா! அத்தா! பெருநாள் வாழ்த்து! பிரியாணி ஆயிருச்சா?”

“ஆகிக்கிட்டிருக்குத்தா. பொடி வந்துச்சா?”

“அய்யோ, சொல்லவே மறந்துட்டேன்ல? அது அப்பவே வந்துருச்சும்மா. ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்துட்டேன். செம டீன்னு ஒரே பாராட்டு.”

“நீ குடிச்சியா?”

“என்னம்மா இப்பிடிக் கேக்குற? தெனமும் நோன்பு தொறந்ததும் எனக்கு அதுதான மொத வேல! அதே ருசிம்மா, கொஞ்சங்கூட மாறல. கண்ண மூடிக் குடிச்சா நம்ம அடுப்படியில நிக்கிற மாதிரியே இருக்கு. ஊருக்கு வரணுங்கிற ஏக்கமே தீந்து போயிருது.”

உசேனுக்குப் பெருமை தாங்கவில்லை. “எம் பொண்டாட்டி கைன்னா சும்மாவா!” என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

அம்சத் பீவி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“ஏத்தா சமீனா… இந்த வருசம் அதுல நான் டீத்தூளே போடல. ‘ஏம்மா, ஒனக்கென்ன கிறுக்கா’ன்னு சண்ட போடவாவது நீ கூப்பிடுவன்னு நெனச்சேன்.”