பிக்ரிக் அமிலத்தில் நாற்பது நிமிடம்

கண்ணாடித் தகட்டை மஞ்சள் நிற பிக்ரிக் அமிலத்தில் இறக்கிவிட்டு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

தகட்டில் யாரோ ஒரு மனிதரின் கால் பெருவிரலிலிருந்து வெட்டிய சதை. மைக்ரோஸ்கோப்பில் அதன்மேல் கறுப்புப் பொடி தூவியதுபோல் இருந்தது.

புற்றுநோயின் நிறமி என்றால் பிக்ரிக் அமிலத்துக்கு அசையாது. அவருக்கு விரல் போகும்.

சதை கெடாமல் ஊறவைக்கும் ஃபார்மலின் படிய வைத்த கறை என்றால் கரைந்துவிடும்.

உப்பு சேர்க்காமல் கலந்தால் ஃபார்மலின் அமிலமாகிவிடும், கறுப்பு படியும். இந்த வாரம் எட்டுப் பேரின் சதையில் கறுப்பு. ஃபார்மலின்தான் காரணமென்றால் கலந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார்.

கலப்பவர்கள் இரண்டே பேர். அவளும் ஜெசிந்தாவும்.

பாவம் ஜெசிந்தா என்று நினைத்துக்கொண்டேதான் ஃபார்மலின் கேனைத் திருப்பினாள்.

செவ்வாய்க்கிழமைத் தேதி. கீழே, கலந்தவர் என்ற இடத்தில், தன்னுடைய பெயரின் முதலெழுத்துகள்.

ஆனால் கையெழுத்து ஜெசிந்தாவுடையது.

செவ்வாய்க்கிழமை அவள் லேபுக்கே வரவில்லை. அம்மாவின் டயாலிசிஸுக்குத் திடீரென்று போக வேண்டியிருந்தது. லீவு மிச்சமில்லை. ஜெசிந்தாதான் வருகைப் பதிவேட்டில் அவளுக்கும் கையெழுத்துப் போட்டாள். ஒன்பது வருடமாக ஒருவருக்கொருவர் செய்துகொள்வதுதான். அன்று நன்றி சொல்ல வார்த்தை வராமல் அவள் போனிலேயே அழுதிருந்தாள்.

பதினைந்து நிமிடம்.

"எடுத்துருடி, போதும்." பின்னால் ஜெசிந்தா.

"இன்னும் கரையல."

"அதான் சொல்றேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

 

இப்போதே எடுத்தால் கறுப்பு அப்படியே நிற்கும். யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவின் அடுத்த டயாலிசிஸுக்குச் சம்பளம் வரும்.

ஒரு மனிதர் ஒரு விரல் இல்லாமல் நடப்பார்.

நாற்பது நிமிடமும் முடிந்த பிறகுதான் தகட்டை எடுத்தாள்.

மஞ்சள் போகும்வரை குழாய்த் தண்ணீரில் கழுவினாள். சாயம் ஏற்றினாள். கொண்டுபோய் டாக்டரின் மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

கறுப்பு இல்லை. ஒரு துளிகூட இல்லை.

"வெறும் ரத்தக்குழாய் முடிச்சு." டாக்டர் பெருமூச்சு விட்டார். "பொழச்சார் மனுஷன்."

பிறகு கேனைக் கொண்டுவரச் சொன்னார். படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா முந்திக்கொண்டாள்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க சார். பாவம், அவங்கம்மாவுக்கு டயாலிசிஸ். அன்னைக்கு மனசே சரியில்லாம இருந்தா. நான் பாத்துட்டே இருந்தேன்."

"அப்படியாம்மா? செவ்வாய்க்கிழமை நீங்கதானே இருந்தீங்க? வருகைப் பதிவேட்டுலயும் உங்க கையெழுத்து இருக்கே."

ஜெசிந்தா ஆதரவாக அவள் தோளில் கை வைத்தாள்.

அந்தக் கையில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.