ஆன்டனியின் பெயரில்

“சார், கதவைச் சாத்திக்கிடட்டுமா?” என்றான் நேசக்குமார்.

துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் அந்த கிளியரிங் ஏஜென்ஸியில் கதவைச் சாத்திப் பேசும்படியான விஷயம் வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். மேனேஜர் சிவசுப்பிரமணியன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“சொல்லும்.”

“விஜிலா பண்ணுதது சரியில்ல சார். கன்டெய்னர் நம்பர் ஏத்துத லேப்டாப்ல ஆளுக்கொரு அக்கவுண்ட் இருக்குல்லா? விரல வச்சா அவங்கவங்களது திறக்கும். இவ வலது விரல வச்சா விஜிலான்னு வருது. இடது விரல வச்சா ஆன்டனின்னு வருது!”

“ம்.”

“ஆன்டனி அண்ணாச்சி மூணு மணிக்கு யார்டுக்குப் போனதும் விரல மாத்துதா. அரை மணி நேரம் அவர் அக்கவுண்ட்ல என்னத்தையோ தட்டுதா. நான் பக்கத்துல போனா பட்டுனு தன் பேருக்கு மாறிருதா. தன் தப்பையெல்லாம் அவர் தலையில கட்டுதா சார். பாவம், ரிட்டயராக இன்னும் எட்டு மாசந்தான் இருக்கு அவருக்கு.”

அநியாயத்தைக் கண்டு பொங்கும் முகம் நேசக்குமாருக்கு நன்றாகவே பொருந்தியது. விஜிலா போனால் அந்த ஜன்னலோர சீட் தனக்கு என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது.

மேனேஜர் அவனை அழைத்துக்கொண்டு விஜிலாவின் மேசைக்கு வந்தார். மணி மூன்றரை.

“விஜிலா, இடது விரல வையி.”

அவள் நேசக்குமாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வைத்தாள். ஆன்டனியின் கணக்கு திறந்தது.

“பாத்தீங்களா சார்!”

“காலைல அவர் ஏத்துனதையும், இவ மாத்துனதையும் நீரே படியும்.”

நேசக்குமார் படித்தான். பதினோரு நம்பரில் நாலு தப்பு. எட்டு வரவேண்டிய இடத்தில் மூன்று, மூன்று வரவேண்டிய இடத்தில் எட்டு. நாலும் திருத்தப்பட்டிருந்தன. படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கியது.

“அண்ணாச்சிக்கு சுகர் கண்ணுல இறங்கிட்டு. மூணும் எட்டும் ஒண்ணு போலத் தெரியுது அவருக்கு,” என்றாள் விஜிலா.

“இவ பேர்ல திருத்துனா ஹெட் ஆபீஸுக்குத் தெரிஞ்சிரும். அன்னைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிருவாங்க,” என்றார் மேனேஜர். “அதான் அவர் அக்கவுண்ட்ல இவ விரலைப் பதிஞ்சு குடுத்தேன்.”

“அண்ணாச்சிக்கு இது தெரியுமா சார்?”

“தெரியாது. முப்பது வருசத்துல ஒரு நம்பர் தப்பாப் போட்டதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாரு. திரியட்டும்.”

நேசக்குமாருக்கு வெட்கமாக இருந்தது. நைசாகத் தன் இடத்துக்கு நகரப் பார்த்தான்.

“எங்க போறீரு?” மேனேஜர் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார். “திங்கக்கிழமையிலேர்ந்து இவளுக்குப் பிரசவ லீவு. உம்ம விரல்ல எதைப் பதியட்டும்?”