பன்னிரண்டு, ஒன்று, நான்கு

"நம்ம கட்டடத்துத் தண்ணியை யார் குடிச்சுத் தீர்க்கறாங்கன்னு இப்போ எல்லாரும் கண்ணால பார்க்கப் போறீங்க" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் லேலே. எல்லோருக்கும் அவர் 'காகா', சித்தப்பா முறை.

கார் நிறுத்துமிடத்துச் சுவரில் வெள்ளைப் போர்வை கட்டியிருந்தது. மருமகனின் ஆபீசிலிருந்து கொண்டுவந்த புரொஜெக்டரை காகா தட்டினார். போர்வை மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது.

மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீரின் அளவாம் அது. காலையிலிருந்து சமர்த்தாகப் போன கோடு, ஒரு மணி என்று போட்டிருந்த இடத்தைத் தாண்டியதும் மொட்டை மாடியிலிருந்து குதித்தது போலத் தலைகுப்புற விழுந்தது. விழுந்த இடத்தில் காகா ஒரு சப்பாத்திப் படமும் ஒட்டியிருந்தார்.

புனேயின் அந்தப் பழைய குடியிருப்பில் சப்பாத்தி என்றால் ஒரே ஆள்தான். தரைத்தளத்து உஜ்வலா. வீட்டுக்காரருக்கு வேலை போன பிறகு, சப்பாத்தியும் காய்கறியும் வீட்டிலேயே செய்து விற்கிறாள். அந்தக் கடையை மூடச் சொல்லித் தீர்மானம் போடத்தான் கூட்டம்.

மூன்றாம் மாடி ஷைலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது, உண்மை. ஆனால் போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது, மாடியேறி வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போனவள் உஜ்வலா. இப்போது கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, என்னமா விழுது பாரு!" என்றாள் பின்னால் ஒருத்தி. "மாவுல தண்ணி விட்டுப் பிசையறாளா, தண்ணியில மாவைக் கரைக்கிறாளா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

உஜ்வலா எழுந்தாள். "காகா, ஒரு மணிக்கெல்லாம் எனக்குப் பாத்திரம் கூடக் கழுவி முடிஞ்சுடும். 'ஒன்று முதல் நான்கு வரை மணி அடிக்காதீர்கள், அடித்தாலும் எழுந்திருக்க மாட்டோம்'னு பலகையை மாட்டிட்டுப் படுத்துடுவேன். அந்தப் பலகையே நீங்க எழுதிக் கொடுத்ததுதானே?"

"பலகையை நான் எழுதினேன். கோட்டைத் தண்ணி எழுதிச்சு" என்றார் காகா.

முதல் மாடியில் புதிதாகக் குடிவந்த நாக்பூர்ப் பெண் பிரணாலி கையைத் தூக்கினாள்.

"காகா, கீழே மணி போட்டிருக்கீங்களே... பதினொண்ணு, பன்னெண்டு, ஒண்ணு, நாலு, அஞ்சு. ரெண்டும் மூணும் எங்கே?"

"அதுல என்னம்மா போடறது? அது தூங்கற நேரம்."

"தொட்டியுமா தூங்குது?"

"தொட்டியில குச்சி விட்டு அளக்கறவன் நானாச்சே! நான் தூங்கறேனே!"

"அப்ப மூணு மணி நேரமா இறங்கின தண்ணியை, ஒரே மணி நேரத்துல இறங்கின மாதிரி வரைஞ்சிருக்கீங்க. அந்த மூணு மணி நேரமும் அக்கா கடை மூடிக் கிடக்கு. அப்படின்னா நம்மள்ல வேற யாரோ..."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நான் தலையைச் சாய்ச்சா நாலு மணிக்குத்தான் கண்ணைத் திறப்பேன்!"

"எங்க வீட்டுல அந்த நேரம் ஈ கூடத் தூங்கும்!"

"நாக்பூர் வெயில்ல தூங்கத் தெரியாதவங்க, புனேக்காரங்க மத்தியானத் தூக்கத்தைக் கணக்குப் பார்க்க வந்துட்டாங்க!"

"வாடகைக்கு இருக்கறவங்களுக்கு ஓட்டு கிடையாது. உட்காரும்மா" என்றார் காகா.

உஜ்வலா ஷைலாவிடம் வந்தாள். "வஹினி" என்று அண்ணி முறை சொல்லி அழைத்தாள். "நீங்களாவது சொல்லுங்க. மத்தியானம் என் வீடு அடைச்சுக் கிடக்கறது உங்க பால்கனியிலேர்ந்து நல்லாத் தெரியுமே. பார்த்திருக்கீங்கதானே?"

ஷைலா எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். பார்த்தேன் என்றால், மத்தியானம் விழித்திருந்து நீ என்ன செய்தாய் என்று கேட்பார்களே.

"நான் எப்படி உஜ்வலா பார்க்கறது? நான்தான் தூங்கிட்டிருப்பேனே."

உஜ்வலா திரும்பித் தன் இடத்துக்குப் போனாள். போர்வையில் அந்தச் சப்பாத்தி மட்டும் வட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு பளிச்சுன்னு படமே போட்டுக் காட்டின பிறகு என்ன பேச்சு? ஓட்டெடுங்க" என்றது ஒரு குரல்.

கைகள் மளமளவென்று எழுந்தன. ஷைலாவின் கை கொஞ்சம் தயங்கி, பிறகு பக்கத்துக் கையைவிட உயரமாகவே எழுந்தது. எதிர்த்து எழுந்தது ஒரே ஒரு கை. அதில் மாவு ஒட்டியிருந்தது.

படியேறும்போது பின்னால் மூச்சு வாங்க வந்தார் காகா. இரண்டாம் மாடியில், ஷைலாவின் வீட்டுக்கு நேர் கீழேதான் அவர் குடியிருப்பு.

"படம் எப்படி வஹினி?"

"நல்லாத்தான் இருந்துது காகா. ஆனா கடையை மூடின பிறகும் தண்ணி தீர்ந்துபோனா?"

"தீரத்தான் தீரும். அடுத்த கூட்டத்துக்கு வாடகைக்காரங்களை வச்சு ஒரு படம் தயார் பண்ணிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு, படியின் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அது கிடக்கட்டும். மத்தியானம் என் தலைக்கு மேல உங்க வாஷிங் மெஷின் கடகடன்னு ஓடுதே, அதை மட்டும் ரெண்டு மணிக்குள்ள முடிச்சுக்குங்க. ரெண்டும் சேர்ந்து ஓடினா என் மெஷினுக்குத் தண்ணி வர மாட்டேங்குது."