எறும்புக் கடி

ஜிக்கா கிருமி வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து சுகுமாறனுக்குத் தூக்கமே இல்லை. மனைவி புனிதாவுக்கு ஐந்தாவது மாதம். அந்தக் கிருமியை ஆராயும் டாக்டர் குமுதினி, மலேசியாவின் பெடாஸ் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்கே ரத்தம் எடுக்க வந்துவிட்டார்.

"பயப்படாத புனிதா, எறும்பு கடிச்ச மாதிரிதான் லா," என்று மனைவியின் தோளைத் தட்டினான் சுகுமாறன். "நம்ம பிள்ளைக்காக இதுகூடத் தாங்க மாட்டியா?"

புனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"டாக்டர், பார்த்துக் குத்துங்க. இவ சரியான பயந்தாங்கொள்ளி."

"அவங்க ரத்தத்தைக் கிளினிக்லயே எடுத்தாச்சு, கிருமி இல்ல," என்றார் குமுதினி. "ஆனா இது கொசுவால மட்டும் பரவுறதில்ல. புருஷன்கிட்டேருந்தும் பொண்டாட்டிக்கு வரும். போன வாரம் காய்ச்சல்ல கிடந்தது நீங்கதானே? கையை நீட்டுங்க."

சுகுமாறன் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். "எனக்கு லோரி எடுக்கணுமே டாக்டர்..."

"சாவி என்கிட்ட இருக்கு," என்றாள் புனிதா.

அவன் ரத்தத்திலும் கிருமி இல்லை என்று பிறகு தெரியவந்தது. ஆனால் அன்று, ஊசி தோலைத் தொடுவதற்குள் அவன் போட்ட கூச்சலில்தான், வயிற்றிலிருந்த பிள்ளை முதல்முறையாக உதைத்தது.