ஏரியில் நிற்கக் கூடாது

பிக்கப்பின் இரண்டு கதவுகளையும் ஆர்விட் கயிறு போட்டுத் திறந்தபடியே கட்டியிருந்தான். கண்ணாடிகளையும் இறக்கிவிட்டிருந்தான்.

உறைந்த ஏரி மேல் வண்டி ஓட்டுகிற எல்லோரும் செய்கிறதுதான். ஐஸ் விட்டுக்கொடுத்தால் குதிக்க வழி வேண்டுமே.

ஆனால் வண்டி இன்னும் கொட்டகை வாசலையே தாண்டவில்லை. என்ஜின் ஒரு நிமிஷம் எகிறும், மறு நிமிஷம் தொண்டை அடைத்தவன் மாதிரி திணறும். ஒருதரம் அணைந்தே போய், சாவியைத் திருகித் திருகி எழுப்ப வேண்டியதாயிற்று.

"என்ன எழவுடா இது. நேத்து வரைக்கும் சுருதி பிசகாம ஓடுச்சே."

அவன் மனைவி மார்லிஸ் பானெட் பக்கத்தில் ஸ்ப்ரே டப்பாவோடு நின்றாள். அவள் கண் வண்டி மேல் இல்லை. ஏரி மேல் இருந்தது.

மார்ச் மாதம். ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்க ஏரி மேல் வைத்த குடிசைகளை இன்று பொழுது சாய்வதற்குள் கரைக்கு இழுத்துவிட வேண்டும். சர்க்கார் கெடு. எல்லோரும் இழுத்தாயிற்று. நடு ஏரியில் ஆர்விட்டின் பச்சைக் குடிசை மட்டும் தனியாக நின்றது.

அதைச் சுற்றி ஐஸ் சாம்பல் நிறமாகியிருந்தது. வெள்ளை தாங்கும், சாம்பல் தாங்காது. அந்த ஊரில் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் அது தெரியும்.

இளகின ஐஸில் ஓடுகிற வண்டி எப்படியோ தப்பிவிடும். நின்ற வண்டி தப்பாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆர்விட்டின் தம்பி எல்டனின் வண்டி நடு ஏரியில் அப்படித்தான் நின்றது. கதவு என்னவோ திறந்துதான் இருந்தது.

"என்னய்யா, வண்டிக்கும் குளிர் காய்ச்சலா?" பக்கத்து வீட்டு லைல் தன் பனி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தான். "பேசாம பந்தயத்துக்குக் குடுத்துடு. சங்கத்துல இந்த வருஷம் பழைய கார் எதுவும் கிடைக்கலையாம்."

வருஷா வருஷம் ஓட்டைக் கார் ஒன்றை ஏரி மேல் நிறுத்தி, அது என்றைக்கு முங்கும் என்று ஊரே பந்தயம் கட்டும். ஆர்விட் சிரிக்கவில்லை.

"இல்ல, பயமா இருக்குன்னா சொல்லிடு," என்றான் லைல். "குடிசையைப் பலகை பலகையா பிரிச்சு இந்த ஸ்கூட்டர்லயே ஏத்திட்டு வந்துடலாம். இது லேசு, ஐஸ் தாங்கும்."

"யாருக்குப் பயம்? நான் கட்டினதை நானே பிரிக்கறதா? போய்யா."

நேற்று ராத்திரி மார்லிஸிடமும் இதையேதான் சொன்னான். அவள் அழுதும் பார்த்தாள்.

அவன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து காதைத் தீட்டினான். "எங்கேயோ காத்து இழுக்குது மார்லிஸ். நீ குழாய் குழாயா அடிச்சிட்டு வா, நான் கேக்கறேன்."

இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். எந்த ஓட்டையில் காற்று போகிறதோ அங்கே மருந்து பட்டால் என்ஜினின் குரல் மாறிவிடும்.

"கார்புரேட்டர் அடியில?"

"அடிச்சாச்சு."

குரல் மாறவில்லை.

"பிரேக்குக்குப் போற குழாய்?"

"அடிச்சாச்சு."

மாறவில்லை.

"பின்பக்கம்?"

"அங்கேயும் அடிச்சாச்சு."

பாதி மருந்து தரைப் பனியில் விழுந்து மஞ்சளாகப் படிந்தது.

ஏரிக்குள் எங்கோ ஐஸ் டங்கென்று ஒரு சத்தம் போட்டது. அது கரை வரைக்கும் ஓடி வந்து அடங்கியது. லைல் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே நிறுத்தினான்.

ஆர்விட் இறங்கி வந்தான். கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு கார்புரேட்டருக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினான். ஓர் இடத்தில் விரல் நின்றது.

என்ஜின் சட்டென்று சீரானது. அழுத பிள்ளை பால் குடிக்கிற மாதிரி.

அவன் குனிந்து பார்த்தான். சுண்டுவிரல் நுனி அளவு குழாய் முனை, மூடியில்லாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. மூடியின் ரப்பர் பழசாகி வெடித்து விழுந்திருந்தால் துணுக்காவது ஒட்டியிருக்கும். இதில் துடைத்த மாதிரி ஒன்றுமில்லை.

அந்த இடம் ஸ்ப்ரே பட்டு நனைந்திருக்கவும் இல்லை.

மார்லிஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆர்விட் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு ஏரியைப் பார்த்தான். விரலை மட்டும் எடுக்கவில்லை. என்ஜின் அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு எடுத்தான். அது திணறி, இருமி, அணைந்தது. அவன் சாவிப் பக்கம் போகவில்லை.

"லைல், இன்னைக்கு இது ஆகாது. சாமான் டவுன்லேர்ந்து வரணும். ஸ்கூட்டரைத் திருப்பு, பிரிச்சிடுவோம்."

"உனக்கு இல்லாட்டியும் உன் வண்டிக்குப் புத்தி இருக்குய்யா," என்றான் லைல்.

கொட்டகை அலமாரியில் ஒரு காபி டப்பா இருந்தது. அது நிறைய அந்த மாதிரி ரப்பர் மூடிகள்தான். ஆர்விட்டே சேர்த்து வைத்தது. அவன் அதன் பக்கத்திலிருந்து சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டான். டப்பாவைத் தொடவில்லை.

கதவுகளில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். ஒன்றைச் சாத்தினான். சுற்றி வந்து மற்றதையும் சாத்தினான்.

போகிறபோது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கை விறைச்சுப் போயிருக்கும். உள்ள போ."

அவள் போகவில்லை. கை விறைக்கவும் இல்லை. விடிகாலையில் அவன் எழுவதற்கு முன்னால் பிடுங்கிய மூடி, கையுறைக்குள் அவள் உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.