நாலாம் கேமராவின் மூச்சு

குடமுழுக்கு நேரலைக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒளிபரப்புக் குழுவினர் இருபத்திரண்டு பேரின் ஹெட்செட்டிலும் யாரோ ஒருவரின் மூச்சு புஸ்புஸ்ஸென்று இரையத் தொடங்கியது. "யாருய்யா அது, மைக்க மூடாம மூச்சு வாங்குறது? கட் பண்ணும்மா!" என்று ஒளிபரப்பு வேனுக்குள் இயக்குநர் சற்குணம் கத்தினார். இன்டர்காம் பொறுப்பிலிருந்த பெனிட்டா கண்ணை மூடி அதைக் கேட்டாள். காலையில் அத்தனை பேருக்கும் அவளேதான் ஹெட்செட் மாட்டி, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசவிட்டுச் சரிபார்த்திருந்தாள். தன் பலகையில் இரண்டு பொத்தான்களைத் தட்டினாள். மற்ற எல்லார் காதிலும் இரைச்சல் அடங்கியது.

அப்போதுதான் சற்குணம் நாலாம் திரையைக் கவனித்தார். கோபுரச் சாரத்தின் உச்சியில் நின்று மாசிலாமணி எடுக்கும் படம் அது. கலசம் நடுங்கிக்கொண்டிருந்தது. "நாலு! கை ஏன்யா ஆடுது?"

"உங்க சத்தம் அவருக்குப் போகாது சார்," என்றாள் பெனிட்டா, திரும்பாமலே. "அவர் மூச்சு எனக்கு மட்டுந்தான் வருது." பிறகு மைக்கை உதட்டருகே இழுத்துக்கொண்டாள். "அண்ணே, இப்ப லைன்ல நாம ரெண்டு பேருதான். கீழ பாக்காதீங்க. நான் மூச்சு விடுறேன், கூடவே விடுங்க."

நிதானமாக இழுத்தாள், விட்டாள். ஏழெட்டு மூச்சுக்குள் கலசம் திரையில் அசையாமல் நின்றது.

"அந்த லைன எனக்கும் கொஞ்சம் குடும்மா," என்றார் சற்குணம், அந்த வேன் அதுவரை கேட்டிராத தணிந்த குரலில்.

பெனிட்டா கொடுத்தாள், கேட்பதற்கு மட்டும்.