செல்போனில் எடுத்த படம்

"இந்தச் செல்போன் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டா மூஞ்சி கட்டம் கட்டமா உடைஞ்சிடும்" என்றாள், விருத்தாசலம் பிரிண்டிங் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அன்பரசி.

"உடையட்டும்மா. பொண்ணு முகம் மங்கலா இருந்தாத்தான் திட்டக்குடி மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பாக்கவாவது வருவாங்க" என்றார் மாணிக்கவேல்.

"கையில ஸ்டுடியோ படமும் இருக்குதே. ஸ்கேன் பண்ணா தெளிவா வரும்."

"கன்னத்துல பீங்கான் பொம்மை சுடுற சூளையில பட்ட தழும்பும் தெளிவா வருமே. ஏற்கெனவே மூணு வூட்டுக்காரங்க நேர்ல பாத்துட்டு, காபிகூட குடிக்காம போயிட்டாங்க."

"தெரியாம வந்தாங்க, போனாங்க. இனிமே தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்க வரட்டும்."

"ஒருத்தரும் வரலைன்னா?"

அன்பரசி ஸ்டுடியோ படத்தை வாங்கி, அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வைத்துத் துல்லியமாக ஸ்கேன் செய்தாள். தழும்போடு பளிச்சென்று வந்த பிரிண்டை அவரிடம் நீட்டினாள்.

"வரலைன்னா, எப்பவும்போல சாயங்காலம் கடைக்கு வந்து என்னை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா."